டச்சப் செய்யாத மூக்கு

1

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. அடுப்பில் பால் வைத்தவர்கள் அணைத்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு கதை தருகிறேன். ஒரு பெண்ணின் மூக்கைப் பற்றிய கதை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பாதிக் கதைக்குமேல் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் தலையில் உதித்த கதை அல்ல. கீரமங்கலத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்து பூக்கட்டும் செவந்தியிடம் ஒரு முழம் முல்லை வாங்கப் போனேன். அவளுடைய இடது கன்னத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மூக்கின் ஓரத்தில் தொடங்கிக் காதுவரை, தோலை இழுத்துப் பிடித்தாற்போல. எல்லோரும் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “புருசன் அடிச்சானா ஆத்தா?” என்று கேட்டேன்.

அவள் பல்லில் கடித்திருந்த வாழைநாரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“நீங்க பதினோராவது ஆளு பெரியம்மா. காலையிலேர்ந்து எண்ணிக்கிட்டிருக்கேன். அந்த மனுசன் டீக்கடைப் பக்கமே போக முடியலை. போனா எல்லாரும் மொறைக்கிறாங்களாம்.”

“அப்பறம் எதுக்கு இது?”

“மூச்சு விடுறதுக்கு.”

கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டினால் மூச்சு வருமா? முல்லையை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று கேட்டதையும், அதற்குப் பின் நான்கு மாதமாக நடந்துகொண்டிருப்பதையும் எழுதுகிறேன். நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கதை முடிவதற்குள் நான் எழுதத் தொடங்கிவிட்டேன். அதன் சங்கடம் கடைசியில் உங்கள் தலையில்தான் விழப்போகிறது.

2

எங்கிருந்து தொடங்குவது? முதல் தொடக்கம் இப்படி வந்தது:

[எள்ளுப்பூவைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற அவளுடைய கூர்மூக்கின் நுனியில் ஒரு வியர்வைத் துளி, விழலாமா வேண்டாமா என்று

எழுதியபோது ரொம்பப் பெருமையாக இருந்தது. பிறகு ஒன்று நடந்து, பேனாவை மூடிவைக்க வேண்டியதாயிற்று. அதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை அந்த வரி மூடாத அடைப்புக்குள் கிடக்கட்டும், என் வெட்கத்துக்குச் சாட்சியாக.

இரண்டாவது தொடக்கம்:

[செவந்திக்குப் பன்னிரண்டு வயதில் ஊர் அடிபம்பு

இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

செவந்திக்குப் பன்னிரண்டு வயதில், தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது பம்பின் கைப்பிடி நழுவி, எகிறி, மூக்கில் அடித்தது. ரத்தம் நின்றது. மூக்கு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே ஆறிவிட்டது. சாய்ந்தாலும் காற்று தாராளமாகப் போய்வந்தது. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறாள். அந்த டம்ளர் இன்னும் இருக்கிறது.

இருபது வயதில் மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், காப்பி குடித்தார்கள், ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனார்கள். மூன்றாவது வீட்டார் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்: “பொண்ணு லெட்சணந்தான். மூக்கு மட்டுந்தான்.”

செவந்தியின் அப்பா அடைக்கலம் அவளை வெளியூர்த் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப்போனார். பெயரை எழுதவில்லை. இரண்டே மாதத்தில் மூக்கு நேராக, ஒடுக்கமாக, பொம்மைக்கு வைத்ததுபோல வந்து நின்றது. அந்தத் தையிலேயே கல்யாணம். மாமியார் உண்ணாமலை பெண் பார்க்க வந்தபோது வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “மூக்கும் முழியுமா இருக்கா.”

அந்த ஆபரேஷன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒருவரும். இதை நினைவில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள் தங்கங்களா, நான் திரும்பி வந்து கேட்பேன்.

3

இளநீர்க் கடைகளில் இப்போது காகிதக் குழல் தருகிறார்கள். நனைந்த குழலில் வேகமாக உறிஞ்சிப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறோமோ அவ்வளவு இறுக ஒட்டும். உறிஞ்சுவதை நிறுத்தினால் பழையபடி உருண்டையாகிவிடும். பார்க்கிறவருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

செவந்தியின் மூக்கு அப்படி ஆகிப்போனது. மூக்கின் இருபுறச் சுவரையும் நிமிர்த்திப் பிடிப்பது குருத்தெலும்பு. ஒடுக்கமாக வர வேண்டும் என்று அதை அளவுக்கு மீறிச் சீவி எடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் தாக்குப்பிடித்த சுவர், பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. காற்றை உள்ளே இழுத்த மாத்திரத்தில் இரண்டு பக்கமும் உள்வாங்கி வழியை மூடிக்கொண்டது.

அவள் தொழிலுக்கு அது எமன். பூக்கட்டுகிறவர்களில் நாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக் கட்டுகிறவர்கள் உண்டு. செவந்தியின் அம்மா பல்லில் கடித்துக் கட்டுவார். செவந்திக்கும் அதுதான் பழகியது. இரண்டு கையும் பூவில் இருக்கும், வாய் நாரில் இருக்கும், மூச்சு மூக்கில் இருக்க வேண்டும். ஆறு கண்ணி முடிச்சுப் போடுவதற்குள் நெஞ்சு முட்டும். வாயைத் திறப்பாள். நார் விழும். கடைசியாக வைத்த பூக்கள் மடியில் சிந்தும். மறுபடி கடிப்பாள்.

சாப்பாடும் அப்படித்தான். வாயை மூடி மென்றால் மூச்சு இல்லை, மூச்சு விட்டால் வாய் திறந்துவிடும்.

“என்ன புள்ளை இது, மாடு அசைபோடுற மாதிரி,” என்பார் உண்ணாமலை. “நாலு பேரு வந்து போற வீடு.”

விருந்தாளிகள் வந்தால் செவந்தி அடுக்களையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். தூங்கும்போது வாய் பிளந்துகொள்ளும். காலையில் நாக்கு உலர்ந்த மாவடுபோலக் கிடக்கும். தூங்கி எழுந்தவளுக்குத்தான் எல்லோரையும்விடக் களைப்பு. இப்படிப் பதின்மூன்று வருடம்.*

பிறகு ஒரு நாள், ஆலங்குடி போகிற பேருந்தில் ஜன்னலோரம், கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிச் சாய்ந்தாள். கை, கன்னத்துச் சதையைக் காதுப் பக்கமாகத் தள்ளியது. குபுகுபுவென்று காற்று மூக்குக்குள் போனது. செவந்தி திடுக்கிட்டுக் கையை எடுத்தாள், நின்றது. வைத்தாள், வந்தது. எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள்.

கண்டக்டர் வந்து, “பல்வலியாக்கா?” என்று கேட்டார்.

அவள் கையை எடுக்கவில்லை. கண்ணில் நீர் வழிய, வாயை மூடிக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

கன்னத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பூக்கட்ட முடியாது. அதனால்தான் பிளாஸ்திரி.

* மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. உண்ணாமலையை நான் ராட்சசியாக எழுதத் தொடங்கினேன், சுலபமாக இருந்தது. ஆனால் செவந்தியின் தலைமாட்டில் தினமும் சாயங்காலம் ஒரு சொம்பு தண்ணீர் நிரப்பி மூடிவைப்பது அவர்தான். வாய் உலர்ந்து எழுந்தால் குடிக்க. பதின்மூன்று வருடமாக ஒரு நாளும் தவறவில்லை. ராட்சசியை வைத்துக்கொண்டு அந்தச் சொம்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறேன்.

4

அதுவரை அவள் டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனாள். நாலு பேரிடம், நாலு ஊரில். எல்லோரும் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, இடுக்கிபோன்ற ஒரு கருவியைத் துவாரத்துக்குள் விட்டு, விரித்து, உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

“பாதை கிளியரா இருக்கும்மா.”

இருக்காதா பின்னே? அமுங்கிப்போகிற சுவரை இரும்பால் அகட்டிப் பிடித்துக்கொண்டு, அமுங்கவில்லையே என்கிறார்கள். கருவி உள்ளே இருந்த அந்த அரை நிமிடம் செவந்திக்கே மூச்சு நன்றாக வந்தது. அதையும் வெகுளியாகச் சொன்னாள்: “சார், இப்ப நல்லா வருது சார்.”

“அப்பறம் என்ன? எல்லாம் மனசுதான்.”

ஒருவர் சொட்டு மருந்து எழுதினார். ஒருவர் தூசு ஒவ்வாமை என்று பூக்கட்டுவதை விடச் சொன்னார். ஒருவர் கணவரை வெளியே நிறுத்திவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார். இதை எழுதும்போது என் எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் மூச்சு வரவில்லை என்று சொன்னால், அவளை மூச்சு விடச் சொல்லிப் பார்க்க

[இந்த வாக்கியத்தை முடித்தால் கெட்ட வார்த்தையில் முடியும். விட்டுவிடுகிறேன்.

ஐந்தாவதாகப் பார்த்தவர் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரகதீஸ்வரி. நர்ஸ் நீட்டிய தட்டைக் கையால் ஓரமாகத் தள்ளினார்.

“வாயை மூடிக்கிட்டு, சும்மா எப்பவும் போல மூச்சை இழுங்க.”

இழுத்தாள்.

“இன்னொரு தடவை.”

இழுத்தாள். டாக்டர் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, பார்த்தார். தொடவே இல்லை. பிறகு அவள் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிய தடத்தைக் காட்டி, “இது யாரு சொல்லி ஒட்டுனீங்க?” என்றார்.

“நானாத்தான் மேடம். பேருந்துல கன்னத்துல கை வச்சப்ப மூச்சு வந்துச்சு. திட்டாதீங்க.”

“எதுக்குத் திட்டுறேன்? நாங்க செய்யுற டெஸ்ட்டே இதுதான், கன்னத்தை இழுத்து மூச்சு வருதான்னு பாக்குறது. பேருந்துல வச்சே முடிச்சிட்டு வந்திருக்கீங்க.”

மூக்கின் உள்வழியில் இருக்கும் மிகக் குறுகலான இடத்தை ‘வால்வு’ என்பார்களாம். அது தளர்ந்திருக்கிறது என்றார். காதுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து, பத்தைபோல் சீவி, இரண்டு பக்கச் சுவருக்கும் உள்ளே முட்டுக்கொடுப்பது. நடுத்தண்டின் மேலே இரண்டு மெல்லிய பட்டி வைத்து வழியை அகட்டுவது. அதுதான் ஆபரேஷன்.

“எடுத்தா காது கேக்குமா மேடம்?”

“நல்லாக் கேக்கும்.”

“அப்ப சரி.”

“இருங்க. நூத்துக்கு நூறுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா நல்ல வித்தியாசம் தெரியும். இன்னொண்ணு, மூக்கு இப்ப இருக்குறதைவிடக் கொஞ்சம் அகலமாத் தெரியும். வீட்டுல கேட்டுக்கங்க.”

வீட்டில் கேட்டாள். உண்ணாமலை அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“இந்த மூக்கைப் பாத்துத்தான் நான் பொண்ணெடுத்தேன். அதையும் அகட்டிக்கிட்டு வந்து நிக்கப்போறியா?”

பூ லோடு வேன் ஓட்டும் கணவர் நாகராசு, ஆத்தாளை எதிர்த்துப் பேசிப் பழகாதவர், சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆத்தா, ஒனக்கு மூக்கு வேணும்னா கல்யாண ஆல்பத்துல பாத்துக்க. அவ தூங்கட்டும்.”

5

இங்கேதான் என் இரத்தம் கொதிக்கும் இடம் வருகிறது. காப்பீட்டு அட்டையில் இந்த ஆபரேஷனைச் செய்ய மேலே இருக்கும் ஒரு அலுவலகம் அனுமதி தர வேண்டும். விண்ணப்பத்தோடு மூக்கின் போட்டோ நான்கு கேட்டார்கள். முன்னாலிருந்து ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று, கீழிருந்து ஒன்று.

கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சிவபிரகாஷிடம் போனாள். நல்ல பையன். அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, முகத்துக்குப் பவுடர் கொடுத்து, முகவாயைத் தொட்டு நிமிர்த்தினான்.

“அக்கா, லேசா சிரிங்க.”

“ஆஸ்பத்திரிக்குத் தம்பி.”

“எதுக்கா இருந்தா என்னக்கா, சிரிச்சாத்தான் களையா இருக்கும்.”

சிரித்தாள். சிரிக்கும்போது கன்னம் இரண்டும் விலகும். கன்னம் விலகினால் அவளுக்கு மூக்கு திறந்துகொள்ளும். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய சிவபிரகாஷின் கண்ணில், மூக்கின் இருபுறமும் விரலால் கிள்ளியதுபோலிருந்த பள்ளம் பட்டது. அக்கா பாவம் என்று நினைத்தான். பள்ளத்தை நிரப்பினான். இரண்டு பக்கத்தையும் சமமாக்கினான். நிறத்தையும் ஒரு படி ஏற்றிவிட்டான். யாரும் கேட்காமலே, அன்பினால்.

நம் ஊர்ப்பக்கம் படம் என்றால் அப்படித்தானே? சடங்கு பேனரில் இருக்கும் பெண்ணை அவளுடைய அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. செத்தவர்களுக்கும் மருவை எடுத்து, நிறமேற்றித்தான் கண்ணீர் அஞ்சலி அடிக்கிறோம். அச்சாகி வந்த நான்கு படங்களையும் பார்த்துச் செவந்திக்கும் சந்தோஷம்தான். உண்ணாமலை ஒன்றை எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்தார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. “நோயாளியின் மூக்கில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை. அழகுக்கான அறுவை சிகிச்சை இத்திட்டத்தில் அடங்காது. நிராகரிக்கப்பட்டது.”

நாகராசு அதை மூன்று தடவை படித்தார். செவந்தி ஒரு தடவை கேட்டாள். பிறகு பூக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது, இரண்டாம் பகுதியில் முடிந்து வைக்கச் சொன்னேனே, அதை அவிழ்த்துக்கொள்ளுங்கள். உண்மையான அழகு ஆபரேஷனுக்கு ஒருவரும் காரணம் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை, தரகர் கேட்கவில்லை, கத்தியைப் பிடித்தவர் கேட்கவில்லை. அது பிடுங்கிக்கொண்ட மூச்சைத் திருப்பிக் கேட்டால், ஊரும் உறவும் அலுவலகமும் ஒரே குரலில் கேட்கின்றன: “அழகுக்காகவா?”

6

சிவபிரகாஷை என்ன செய்வது? கதைக்கு ஒரு வில்லன் வேண்டியிருந்தது. அவனுக்கு ஒரு தங்கப்பல், ஒரு கோணல் சிரிப்பு என்று

[ஸ்டூடியோவின் இருட்டில் அவன் தங்கப்பல் மின்ன, மவுசைச் சுழற்றி

எல்லாம் எழுதிப் பார்த்தேன். உண்மையில் அவனுக்குத் தங்கப்பல் கிடையாது. நிராகரித்த கடிதத்தைக் காட்டியபோது அவன் முகம் செத்துப்போனது என்று செவந்தியே சொன்னாள்.

அந்தச் சமயத்தில் நான் எழுதியிருந்ததை அவளிடம் எடுத்துப்போய் வாசித்துக் காட்டினேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், மடச்சி. முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

“என்ன பூ சொன்னீங்க?”

“எள்ளுப்பூ. மூக்குக்கு அப்படித்தான் சொல்லுறது வழக்கம், ஆத்தா.”

“எள்ளுப்பூவை எப்பவாச்சும் கிட்டப் போய்ப் பாத்திருக்கீங்களா பெரியம்மா? நான் எள்ளுக்காட்டுல களையெடுத்தவ. அது குழாய் மாதிரி வாயைத் தெறந்துக்கிட்டுத் தொங்கும். தேனீயே உள்ள போயி, குடிச்சிட்டு, வெளிய வரும். என் மூக்குக்குள்ள காத்தே போகலை. அதையா எள்ளுப்பூங்குறீங்க?”

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்தத் தம்பி கம்ப்யூட்டர்ல பண்ணுனான். ஒங்க பங்குக்கு நீங்க பேனாவுல டச்சப் பண்ணிட்டீங்களா? ஆளாளுக்கு என் மூக்கைச் சரி பண்ணித்தான் பாப்பீங்களா? அது எப்படி இருக்கோ அப்படியே யாருமே பாக்க மாட்டீங்களா?”

குரல் உயரவில்லை. உயர்ந்தால் மூச்சு வாங்கும். வார்த்தைக்கு வார்த்தை வாயால் காற்றை அள்ளிக்கொண்டு பேசினாள். நான் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், அது ஒன்றும் இப்படி உள்ளே இறங்கியதில்லை. நாலு டாக்டர்களையும் நான் ஏசினேனே, அந்த இடுக்கி என் கையிலும் இருந்திருக்கிறது.

ஆகவே, அவளுடைய மூக்கு: நடுவில் நேர்க்கோடு. இருபுறமும் பெருவிரலால் அழுத்திய மாவுபோல் பள்ளம். இடது பள்ளம் வலதைவிட ஆழம். இழுக்கும்போது துவாரத்தின் வெளிமடல் உள்ளே ஒட்டி, கீறல்போல் ஆகிவிடும். விடும்போது பிரியும். ஒட்டும். பிரியும். இவ்வளவுதான். பூ எதுவும் இல்லை.

மறுநாள் சிவபிரகாஷ் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவள் பூக்கட்டும் இடத்துக்கே வந்தான். பவுடர் இல்லை, பிளாஸ்திரியும் இல்லை. தரையில் குத்தவைத்து, கீழிருந்து, மூச்சு விடுவதை வீடியோ எடுத்தான். எடுத்ததைக் கேமராவின் சின்னத் திரையில், குத்தவைத்தபடியே போட்டுப் பார்த்தான்.

“எத்தனை வருசமா மூக்கைச் சரி பண்ணிக்கிட்டிருக்கேன். ஒருத்தரு மூச்சு விடுறதை இப்பத்தாங்க்கா பாக்குறேன்.”

“அதுல கை வைக்காத தம்பி.”

“சத்தியமா வைக்க மாட்டேங்க்கா.”

7

இந்தப் பகுதியில் நான் இல்லை. செவந்தி சொன்னதை அப்படியே வைக்கிறேன், மெருகு போடாமல்.

ஆஸ்பத்திரியில் காப்பீட்டு மேசை என்று ஒன்று உண்டு. அதில் அரவிந்த்குமார் என்கிற இளைஞர் உட்கார்ந்திருந்தார். போனில் வீடியோவைக் காட்டியபோது திரையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

“அக்கா, ஒரு தடவை நிராகரிச்சா முடிஞ்சிருச்சு. அழகுக்காகன்னு வந்திருக்கு. நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

“மேல்முறையீடு இருக்குன்னு டாக்டர் மேடம் சொன்னாங்களே?”

“இருக்கு. அதுக்கு நான் காரணம் எழுதணும். என்னன்னு எழுதுறது? மூச்சு விடாமயா ஆலங்குடி தாண்டி வந்து நின்னுக்கிட்டிருக்கீங்க?”

பின்னால் வரிசையில் இருந்த யாரோ சிரித்தார்கள். அன்று கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டாமல் வந்திருந்த செவந்தி திரும்பிப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து ஈர நாரையும் ஒரு கை முல்லையையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“தம்பி, ஒரு முழம் கட்டுறேன். அது முடியுற வரைக்கும் நீங்க வாயை மூடிக்கிட்டு, மூக்கை ரெண்டு வெரலால பிடிச்சுக்கங்க.”

“என்னக்கா வெளையாடுறீங்க?”

“எனக்கு முழுசா அடைக்காது. மெதுவா இழுத்தா ஊசி முனை அளவு வரும். அந்த அளவு வெரலை விட்டுக்கங்க, நான் ஏமாத்தலை.”

வரிசையில் நின்ற பிச்சையம்மாள், ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு வந்தவர், குரல் கொடுத்தார்: “அட பிடிங்க அப்பு! ஒரு முழந்தானே கேக்குது அந்தப் புள்ளை. ஒங்க மூக்கை யாரு புடுங்கிக்கிட்டுப் போகப்போறா?”

கூட்டம் பார்க்கிறது. அரவிந்த்குமார் சிரித்துக்கொண்டே மூக்கைப் பிடித்தார். செவந்தி நாரைப் பல்லில் கடித்தாள். கண்ணி, கண்ணி, கண்ணி. ஆறாவது கண்ணியில் அவளுக்கு முட்டியது. வாயைத் திறக்கவில்லை. ஏழு. அரவிந்த்குமாரின் சிரிப்பு போய்விட்டது. எட்டு. அவர் நெற்றியில் நரம்பு எழுந்தது. ஒன்பதாவது கண்ணியில் கையை உதறி, வாயைப் பிளந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு இரைத்தார்.

அரை முழம்கூட ஆகவில்லை. செவந்தியும் நாரை விட்டாள். இருவரும் இரைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நீங்க வெரலை எடுத்துட்டீங்க தம்பி,” என்றாள். “நான் எதை எடுக்குறது?”

அரவிந்த்குமார் வீடியோவை முதலிலிருந்து போட்டு, இரண்டு முறை பார்த்தார். விசைப்பலகையை முன்னால் இழுத்தார். காரணம் என்ற கட்டத்தில் அவர் தட்டியதைச் செவந்தி உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தார்: “இவர் மூச்சு விட வேண்டும்.”

பதினைந்து வேலை நாளில் பதில் வரும் என்றார். கட்டிய அரை முழத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

8

இன்று பன்னிரண்டாம் நாள். பதில் வரவில்லை. என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதல் முடிவில் அனுமதி வருகிறது. காதிலிருந்து எடுத்த முட்டு பொருந்துகிறது, செவந்தி வாயை மூடிக்கொண்டு முழுச் சாப்பாடு சாப்பிடுகிறாள். உண்ணாமலை, “மூக்கு அகலமாத்தான் போச்சு,” என்று முணுமுணுத்தபடி ரசம் ஊற்றுகிறார். எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே அதை நம்பப் பயமாக இருக்கிறது.

இரண்டாவதில் மறுபடி நிராகரிப்பு. அவள் ஒரு கட்டுப் பிளாஸ்திரி வாங்கிக்கொண்டு போய்

[எழுத மாட்டேன். என் கையால் எழுத மாட்டேன்.

மூன்றாவதில் மாமியார் கண்ணீர் விட்டு மருமகளைக் கட்டிக்கொள்கிறார். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. நேற்று நான் போனபோது அவர் செய்தது வேறு. சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்த அந்தச் சிரித்த போட்டோவை எடுத்துப் பார்த்தார். செவந்தியைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். “இது யாரு?” என்று கேட்டுவிட்டு, அதை அரிசிப் பானைக்கு அடியில் போட்டுவிட்டுப் போனார். அது மனமாற்றமா, கண்பார்வைக் கோளாறா என்று எனக்குத் தெரியாது. டச்சப் செய்யாமல் விடுகிறேன்.

9

முடிவு உங்களிடம்தான் கண்ணுகளா. ஆனால் சும்மா தர மாட்டேன். வாயை மூடிக்கொள்ளுங்கள். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், ஊசி முனை அளவு விட்டு. (இருதய நோய் உள்ளவர்கள், இளைப்பு உள்ளவர்கள், வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் வேண்டாம், நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களை வேடிக்கை பாருங்கள்.) இப்போது படியுங்கள்:

அந்தக் காகிதம் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது அதற்குமேல் இன்னொரு காகிதம் இருக்கிறது மேசைக்குப் பின்னால் இருப்பவர் காப்பி குடிக்கப் போயிருக்கிறார் அவருக்கு மூச்சு நன்றாக வருகிறது கீரமங்கலத்தில் பூ வந்து இறங்கிவிட்டது செவந்தி நாரை நனைத்துப் பல்லில் கடிக்கிறாள் முதல் கண்ணி போடுகிறாள் இரண்டாவது போடுகிறாள் பெரியவர் ஒருவர் சாமிக்கு மாலை கேட்கிறார் தலையை ஆட்டுகிறாள் மூன்றாவது போடுகிறாள் நான்காவது போடுகிறாள் பேருந்து புழுதி கிளப்புகிறது ஐந்தாவது போடுகிறாள் அந்த மேசைக்காரர் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார் மேலே இருந்த காகிதத்தை எடுத்து ஓரமாக வைக்கிறார் ஆறாவது போடுகிறாள் அடுத்த காகிதத்தில் அவள் பெயர் இருக்கிறது ஏழாவது

விட்டுவிட்டீர்களா? விடுங்கள், விடுங்கள். நன்றாக இழுத்து விடுங்கள். முகமெல்லாம் சிவந்துவிட்டதே.

நீங்கள் விரலை எடுத்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு அப்புறம் அந்த மேசைக்காரர் என்ன எழுத வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அதை உங்கள் கையெழுத்தில் எழுதிவையுங்கள். உங்களில் யாராவது ஒருவர் அப்படி ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவராக இருந்தால், இங்கே எழுத வேண்டாம் ராசா. அங்கே எழுதுங்கள்.

போய் வாருங்கள். உங்கள் வீட்டில் பிறந்த பெண்ணை, வந்த பெண்ணை, யாரும் அழகாக்கிப் பார்க்காமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர்கள் சுவரைப் பார்க்காமல் சாப்பிடட்டும். உங்கள் வீட்டில் தூங்குகிற எல்லோருக்கும், வாய் மூடியிருக்க, மூக்கு வழியே காற்று தடையில்லாமல் போய்வரட்டும். தலைமாட்டுச் சொம்பில் நிரப்பிய தண்ணீர் விடியும்வரை குறையாமல் அப்படியே இருக்கட்டும்.